அத்தியாயம் 6: ஒரு நிறுவனம், முப்பதுக்கு மேல் பெயர்கள் – உங்களுக்கு எது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையத்தில் ஒலிம்பிக் பூலவார்டு என்றொரு சாலை. அதில் 900-ஆம் எண்ணில் 54 மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 2010-இல் திறந்தது. கீழ்ப்பகுதி மாடிகளில் ஜே.டபிள்யூ. மேரியட், அதற்கு மேலே சில மாடிகளில் ரிட்ஸ்-கார்ல்டன். சாலையைக் கடந்தால் எதிரே 901-ஆம் எண். 2014-இல் திறந்த 23 மாடிக் கட்டடம். அதன் நெற்றியிலும் இரண்டு பெயர்கள்: கோர்ட்யார்ட், ரெசிடென்ஸ் இன். ஒரே சிக்னலைச் சுற்றி நான்கு ஹோட்டல்கள், நான்கும் மேரியட் இண்டர்நேஷனல் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். மாநாட்டு மையத்துக்கும் கூடைப்பந்து அரங்கத்துக்கும் நான்கிலிருந்தும் நடந்தே போகலாம். வாடகைதான் எட்டாத தூரத்துக்கு விலகி நிற்கும்.

இந்த நான்கில் எது நல்லது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. யார் தங்கப்போகிறார்கள், எத்தனை நாள், பகலில் அறையில் இருப்பார்களா, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, பில்லை யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். இரண்டு இரவு வேலைக்கு வந்தவருக்குக் கோர்ட்யார்ட் போதும். மகளின் பட்டமளிப்புக்கு வந்து பத்து நாள் தங்கும் பெற்றோருக்கு, அறையிலேயே சமையலறை உள்ள ரெசிடென்ஸ் இன்னை விட்டால் வேறு பேச்சே வேண்டாம். அவர்களை எதிர்ச்சாலை ரிட்ஸ்-கார்ல்டனில் வைத்தால் செலவு மிகவும் கூடும், நான்காம் நாள் ரசத்துக்கு ஏங்குவார்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், அல்லது கேள்விப்பட்ட பெயரைப் பார்க்கிறார்கள். இரண்டுமே தப்பான அளவுகோல். ஒவ்வொரு பெயரும் குறிப்பிட்ட வகைப் பயணி ஒருவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அந்தப் பயணி நீங்கள்தானா என்று பாருங்கள். ஆமென்றால் பணம் மிச்சம், உடம்புக்கும் சுகம். இல்லையென்றால், வேறொருவருக்காகக் கட்டிய வசதிக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள்.

மேரியட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதைப் போல் பயணிகளைப் பகுத்துப் பார்த்த நிறுவனம் குறைவு என்பதுதான். இங்கே படிப்பதை ஹில்டன், ஹயாத், ஐ.ஹெச்.ஜி. போன்ற மற்ற ஹோட்டல் நிறுவனங்களுக்கும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

பெயர்கள் பெருகிய கதை

1927-இல் ஜே. வில்லார்ட் மேரியட்டும் மனைவி ஆலிஸும் வாஷிங்டனில் ஒன்பதே இருக்கைகளோடு ஒரு ரூட் பியர் கடை போட்டார்கள். ரூட் பியர் என்பது போதை இல்லாத குளிர்பானம். கடை உணவகமானது. 1957-இல் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில், முதல் தங்கும் விடுதி திறந்தது. அதன்பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு மேரியட் என்றால் ஒரே வகைதான்: பெரிய கட்டடம், பெரிய லாபி, பெரிய மாநாட்டு அறை.

1980 வாக்கில் அந்த வழி அடைபடத் தொடங்கியது. அவ்வளவு பெரிய ஹோட்டலைத் தாங்கக்கூடிய நகரங்களில் நல்ல இடங்கள் குறைந்துவந்தன. அதே நேரம், ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதிக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, மாநாட்டுக் கூட்டத்துக்காகக் கட்டிய விலையுயர்ந்த ஹோட்டல். இன்னொன்று, நெடுஞ்சாலையோர மோட்டல். நடுவில் எதுவும் இல்லை.

மேரியட் அங்கே ஒரு காரியம் செய்தது. வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் பேராசிரியர்களைக் கூப்பிட்டு, அடிக்கடி பயணம் செய்பவர்களிடம் விரிவான ஆய்வு நடத்தியது. ‘நல்ல அறை வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினார்கள். நீச்சல்குளம், மேசை, உணவகம், அறை அளவு, பாதுகாப்பு என்று சுமார் 50 அம்சங்களை விலையோடு சேர்த்து முன்வைத்து, எதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். விடையாகக் கிடைத்ததுதான் 1983-இல் அட்லாண்டா பகுதியில் திறந்த முதல் கோர்ட்யார்ட். லாபி சின்னது, விருந்து மண்டபம் கிடையாது, பெட்டி தூக்க ஆள் கிடையாது. ஆனால் அறை தாராளம், வேலை செய்ய நல்ல மேசை, கட்டடத்தின் நடுவே பசுமையான முற்றம். பயணி எதற்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றாரோ அதையெல்லாம் வெட்டினார்கள். எதற்குக் கொடுப்பேன் என்றாரோ அதில் கைவைக்கவில்லை. ஹோட்டல் தொழிலில் இதைவிட நேர்மையான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஃபேர்ஃபீல்ட். மேரியட் குடும்பத்துக்கு வர்ஜீனியாவில் இருந்த பண்ணையின் பெயர் அது. இதைத் தொடங்கும் முன் நிறுவனம் தன் ஊழியர்கள் சிலரை நாடு முழுக்கப் போட்டியாளர்களின் மலிவு விடுதிகளில் தங்கவைத்தது. எந்த சோப்பு வைக்கிறார்கள், துண்டு எப்படி இருக்கிறது, பக்கத்து அறைச் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறதா என்று குறிப்பெடுத்தார்கள். 1987-இல் முதல் ஃபேர்ஃபீல்ட் திறந்தது. அதே ஆண்டில் ரெசிடென்ஸ் இன் என்ற சங்கிலியையும் மேரியட் வாங்கியது. அதை ஜாக் டிபோயர் என்ற கட்டடத் தொழிலதிபர் 1975-இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கியிருந்தார். வேலை மாற்றலாகி வந்து வீடு தேடுகிறவர், மாதக்கணக்கில் பயிற்சிக்கு வந்தவர் போன்றோரை நினைத்து, ஹோட்டல் அறைக்குப் பதில் சின்ன வீடாகவே கட்டியிருந்தார்.

அப்புறம் 1990-களில் ரிட்ஸ்-கார்ல்டன் கைக்கு வந்தது. 2016-இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கியதும் ஷெரட்டன், வெஸ்டின், லீ மெரிடியன், செயின்ட் ரீஜிஸ், டபிள்யூ, அலாஃப்ட் எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பெயர்கள் முப்பதை எட்டின, பின்னர் தாண்டின.

முப்பதும் முப்பது வகைப் பயணிக்காகத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மேரியட் தன் கட்டடங்களில் பெரும்பகுதியை 1993-இலேயே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. இன்று அதற்குச் சொந்தக் கட்டடம் மிகக் குறைவு. கட்டுபவர் வேறொருவர். பெயரையும் முன்பதிவு வலையையும் கட்டணத்துக்குக் கொடுப்பதுதான் மேரியட்டின் தொழில். ஒரு பகுதியில் ஒருவருக்குக் கோர்ட்யார்ட் பெயரைக் கொடுத்த பிறகு, பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கும் அதையே கொடுத்தால் முதலாமவர் சண்டைக்கு வருவார். வேறு பெயர் கொடுத்தால் பிரச்சினை குறைவு. ஆகவே சில பெயர்கள் பயணிக்காகப் பிறந்தவை, சில முதலீட்டாளருக்காகப் பிறந்தவை. ஏ.சி. ஹோட்டல்ஸ், அலாஃப்ட் என்ற இரண்டு மேரியட் பெயர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு எது மலிவோ, எது போகவேண்டிய இடத்துக்குக் கிட்டவோ, அதை எடுங்கள்.

அடுப்பு உள்ள அறை

வெளிநாடு போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அத்தியாயத்திலேயே மிகவும் பயன்படக்கூடிய பகுதி இது.

மேரியட்டின் பெயர்களில் ரெசிடென்ஸ் இன், டவுன்பிளேஸ் சூட்ஸ், எலிமெண்ட் ஆகிய மூன்றிலும் அறைக்குள்ளேயே சமையலறை உண்டு. அமெரிக்க ரெசிடென்ஸ் இன்னில் கதவைத் திறந்ததும் பெரும்பாலும் சமையல் மேடைதான் முதலில் கண்ணில் படும். ஆளுயர ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், மின்சார அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம். அலமாரியைத் திறந்தால் நான்கைந்து பேருக்குத் தட்டு, கிண்ணம், கரண்டி, இரண்டு மூன்று பாத்திரங்கள், ஒரு தோசைக்கல் அளவு வாணலி. சாதம் வடிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம், முட்டை பொரிக்கலாம். இதற்கு மேல் காலை உணவும் வாடகையிலேயே அடக்கம்.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், நம்மூரில் 230. இங்கிருந்து ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால், சாக்கெட்டில் அடாப்டர் மாட்டியும் கால்பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். மிக்சியும் அப்படித்தான். சின்ன ரைஸ் குக்கரை அங்கே கடையில் வாங்கிவிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது பிள்ளையிடமே விட்டுவிட்டு வாருங்கள். அதை இங்கே கொண்டுவந்து செருகினால் கருகிவிடும். அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கர் என்றால் இங்கிருந்தே பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது, அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கர்தான் வேண்டும்.

இரண்டாவது தாளிப்பு. அறைக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்து, கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகும் அந்தப் பதம் அதற்குப் போதும். அலறத் தொடங்கினால் ரிசப்ஷனிலிருந்து ஆள் வருவார், சில கட்டடங்களில் மொத்த மாடியும் வெளியே வரவேண்டியிருக்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முதலில் போடுங்கள். சின்னத் தணலில் தாளியுங்கள், மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே இறக்குங்கள். கருவாடு, அப்பளம் சுடுவது இரண்டையும் ஊர் திரும்பும்வரை தள்ளிவையுங்கள். அறையில் வாடை தங்கிவிட்டால் துப்புரவுக் கட்டணம் போட ஹோட்டலுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, அறை சுத்தம். நீண்ட நாள் தங்கும் ஹோட்டல்களில் தினமும் வந்து படுக்கை விரிப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று செக்-இன் செய்யும்போதே கேளுங்கள். துண்டு, குப்பைப் பை, பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் ரிசப்ஷனில் கேட்டால் கொடுப்பார்கள்.

இந்த வகை ஹோட்டல்களில் நாள் கூடக் கூட தினசரி வாடகை குறையும். ஏழு இரவுக்கு ஒரு விலை, முப்பது இரவுக்கு இன்னும் இறங்கிய விலை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தங்குகிறவருக்கு ஹோட்டல் வரியே விழாது. கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புராஜெக்ட் வேலைக்காகப் போகிறவர்கள் முப்பது நாளை நான்கு துண்டாகப் பிரித்துப் பதிவு செய்யாமல், ஒரே பதிவாகச் செய்ய இதுவே காரணம்.

டவுன்பிளேஸ் இதே யோசனையின் எளிய, மலிவான வடிவம். எலிமெண்ட் கொஞ்சம் நவீனம். ஸ்பிரிங்ஹில் சூட்ஸ் என்ற பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். சோபா போட்ட பெரிய அறை, மைக்ரோவேவும் சிறு ஃப்ரிட்ஜும் உண்டு, அடுப்பு கிடையாது. பிள்ளைகளோடு இரண்டு மூன்று இரவு தங்க அது நல்ல இடம், சமைக்க அல்ல. மற்ற நிறுவனங்களில் ஹோம்வுட் சூட்ஸ், ஹோம்2 சூட்ஸ் (ஹில்டன்), ஹயாத் ஹவுஸ், ஸ்டேபிரிட்ஜ் சூட்ஸ் (ஐ.ஹெச்.ஜி.) ஆகியவை ரெசிடென்ஸ் இன்னின் இடத்தில் நிற்பவை.

காலை உணவு என்னும் தலைகீழ் கணக்கு

வாடகை ஏற ஏற வசதியும் ஏறும் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் காலை உணவு விஷயத்தில் அது தலைகீழ். மலிவான ஃபேர்ஃபீல்டில் இலவசம். அதைவிட விலை கூடின கோர்ட்யார்டில் காசு. இன்னும் மேலே மேரியட் (நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள ஹோட்டல்), ஷெரட்டன், வெஸ்டின் என்று போனால் இன்னும் அதிகக் காசு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஐந்து நாள் தங்கினால் இருபது காலை உணவு. ஒன்றுக்கு 20 டாலர் என்று வைத்தால்கூட 400 டாலர்.

காரணம் முன்பு சொன்னதுதான். மேல்தட்டு ஹோட்டலின் மனத்திலுள்ள பயணி கம்பெனிச் செலவில் வருகிறவர். பில்லை அவர் பார்ப்பதில்லை. ஃபேர்ஃபீல்டின் மனத்தில் இருப்பவர் சொந்தக் காசில், காரில், பிள்ளைகளோடு வருகிறவர். அவர் ஒவ்வொரு டாலரையும் எண்ணுவார். வைஃபை, கார் நிறுத்தம், காசு போட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். புறநகர் ஃபேர்ஃபீல்டில் கார் நிறுத்தம் பெரும்பாலும் சும்மா. நகர மையத்துச் சொகுசு ஹோட்டலில் ஓர் இரவு காரை நிறுத்தும் காசுக்கு நம்மூரில் ஒரு நல்ல அறையே கிடைக்கும்.

இலவசக் காலை உணவு என்றதும் நம்மூர் பஃபேயைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு சின்னக் கூடம். ரொட்டி, பேகல், வெண்ணெய், ஓட்ஸ் கஞ்சி, சீரியல், பால், தயிர்க் கோப்பை, வாழைப்பழம், அவித்த முட்டை, கிளறின முட்டை, ஏதேனும் ஓர் இறைச்சி. ஓரத்தில் வாஃபிள் இயந்திரம். மாவை அளவுக் கோப்பையில் பிடித்துச் சூடான தட்டில் ஊற்றி, மூடி, கைப்பிடியைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். இரண்டு நிமிடச் சொச்சத்தில் பீப் என்று கூப்பிடும். பிள்ளைகள் இதற்காகவே சீக்கிரம் எழுவார்கள். சைவர்கள் கவனிக்கவேண்டியவை: வாஃபிள் மாவில் பொதுவாக முட்டை உண்டு, தயிர்க் கோப்பைகள் சிலவற்றில் ஜெலட்டின் உண்டு. வட்டமாக வடை போலிருப்பது பெரும்பாலும் பன்றி அல்லது வான்கோழி இறைச்சி. வார நாள்களில் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் எடுத்து வைத்துவிடுவார்கள். பத்து மணிக்கு நிதானமாக இறங்கினால் காபி இயந்திரம் மட்டும் நிற்கும்.

மேல்தட்டு: எப்போது காசு கொடுக்கலாம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜே.டபிள்யூ., ரிட்ஸ்-கார்ல்டன், செயின்ட் ரீஜிஸ் போன்றவற்றில் நீங்கள் வாங்குவது மனிதர்களின் நேரத்தை. செயின்ட் ரீஜிஸின் தனி முத்திரை பட்லர். பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு இரவு படுக்க மட்டும் வருகிறவருக்கு அந்த மனிதர்களின் நேரம் வீண். அறையிலேயே நேரம் கழிக்கப்போகிறீர்கள், கல்யாண நாள், வயதான அம்மாவுக்குக் கூடவே ஒரு கை வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஷெரட்டன், மேரியட், வெஸ்டின் எல்லாம் மாநாட்டுக்கும் கூட்டத்துக்கும். மாநாடு அதே கட்டடத்தில் நடந்தால் அங்கே தங்குங்கள், மற்றபடி அவசியமில்லை. மேரியட்டின் இன்னொரு பெயரான மாக்ஸி இளைஞர்களுக்கு. முதலாவது 2014-இல் இத்தாலியின் மிலான் விமான நிலையத்தில் திறந்தது, பெங்களூரு விமான நிலையத்தை ஒட்டியும் ஒன்று இருக்கிறது. பார் மேசையிலேயே செக்-இன். அறை மிகச் சின்னது, பெரிய சூட்கேஸ் இரண்டைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. முதுகுப்பையோடு தனியாகப் போகிறவருக்குச் சரி. நாலு பெட்டியோடு போகும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாடு மாறினால் பெயரின் பொருளும் மாறும்

அமெரிக்காவில் கோர்ட்யார்டைப் பார்த்தவர் சென்னைத் தேனாம்பேட்டையில் அண்ணா சாலைக் கோர்ட்யார்டுக்குள் நுழைந்தால் திகைத்துப்போவார். பெரிய லாபி, உணவகங்கள், விருந்து மண்டபம், வாசலில் பெட்டி வாங்க ஆள். மதுரைக் கோர்ட்யார்டும் அப்படித்தான். அமெரிக்காவில் எதையெல்லாம் வெட்டிப் பிறந்ததோ, அதையெல்லாம் இந்தியாவில் திரும்பச் சேர்த்துக்கொண்டது இந்தப் பெயர். நம்மூர் ஹோட்டலுக்குக் கல்யாணமும் வரவேற்பும் பெரிய வருமானம், ஆள்கூலியும் அங்குள்ள அளவுக்கு இல்லை. அதனால் இந்தியக் கோர்ட்யார்டில் கிடைத்த உபசாரத்தை நினைத்துக்கொண்டு டெக்சஸில் அதே பெயரில் பதிவு செய்யாதீர்கள். பெட்டியை நீங்கள்தான் இழுக்கவேண்டும், இரவு பத்து மணிக்குச் சாப்பாடு கேட்டால் லாபியிலுள்ள சின்னக் கடையில் உறைந்த பொட்டலம் கிடைக்கும். கோயம்புத்தூர் ஃபேர்ஃபீல்டுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொரு முடிச்சு: சென்னைக் கிண்டியில் 2012-இல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா. அது ஐ.டி.சி.யின் ஹோட்டல். ஆனாலும் லக்‌ஷரி கலெக்‌ஷன் என்ற மேரியட் பெயரின் கீழ் வருவதால் மேரியட் தளத்திலும் பதிவு செய்யலாம், மேரியட் புள்ளிகளும் சேரும். 2025-இல் இந்தியாவின் ஃபெர்ன் ஹோட்டல்களோடும் சீரிஸ் என்ற புதுப் பெயரில் மேரியட் கைகோத்தது. இதுபோன்ற கூட்டுகளில் அறையும் சேவையும் உள்ளூர் நிறுவனத்துடையவை. மேரியட் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்தக் குறிப்பிட்ட ஹோட்டலின் அண்மைக்கால விமர்சனங்களைப் படியுங்கள்.

அமெரிக்காவுக்கும் இது பொருந்தும். சாலையோர ஃபேர்ஃபீல்டோ டவுன்பிளேஸோ, நடத்துபவர் உள்ளூர் முதலாளி. அவர் குஜராத்திப் படேல் குடும்பமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆசிய அமெரிக்க ஹோட்டல் முதலாளிகள் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டு ஹோட்டல்களில் பாதிக்கும் மேல் அதன் உறுப்பினர்கள் கையில். முதலாளி அக்கறையானவர் என்றால் இருபது வருடப் பழைய ஃபேர்ஃபீல்டும் பளிச்சென்றிருக்கும். ஆகவே கட்டிய ஆண்டையும், கடைசியாகப் புதுப்பித்த ஆண்டையும் கேளுங்கள். பெயரைவிட அது அதிகம் சொல்லும்.

காசு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இந்தக் கோட்டுக்கு இருபுறமும் என்ன ஆகிறது பாருங்கள். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. ஒரே ஊரில் கோர்ட்யார்டும் ஃபேர்ஃபீல்டும் இந்தக் கோட்டுக்கு இருபுறம் நின்றால், சொந்தக் காசில் தங்குகிறவர் தயங்காமல் கீழே இறங்கலாம். கம்பெனி பெயரில் பில் போடுகிறவர் கணக்கரைக் கேட்டுச் செய்யவேண்டும். இன்னொன்று, 18 சதவீத அறையில்தான் ஹோட்டல் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும், 5 சதவீதத்தில் முடியாது. சில ஹோட்டல்கள் விலை வைக்கும்போது இதையும் சேர்த்தே கணக்குப் போடும்.

அமெரிக்காவில் ‘ரிசார்ட் ஃபீ’, ‘டெஸ்டினேஷன் ஃபீ’ என்று தினமும் ஒரு தொகையைக் கடைசியில் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்டவேண்டும் என்று அந்நாட்டு ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் விதி வந்துவிட்டது. அரசு வரி மட்டும் பின்னால் சேரலாம். பெருநகரங்களில் அது நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டிவரும்.

புள்ளித் திட்டத்துக்குப் பெயர் பான்வாய், 2019-இல் தொடங்கியது. சேருவது இலவசம், ஹோட்டல் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் வைஃபையும் இலவசம். அதனால் குடும்பத்தில் பில் கட்டுகிறவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுங்கள். பெரும்பாலான பெயர்களில் டாலருக்கு 10 புள்ளி, ரெசிடென்ஸ் இன்னிலும் டவுன்பிளேஸிலும் 5 மட்டும். அதற்காகச் சமையலறையை விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து நாள் வெளியில் சாப்பிடும் செலவுக்கு முன் அந்தப் புள்ளிகள் ஒன்றுமில்லை. புள்ளிகளைச் செலவழிக்கும்போது ஐந்து இரவாகச் சேர்த்து எடுங்கள், நான்கு இரவுக்குத்தான் புள்ளி கழியும்.

பதிவு செய்யும் முன்

அறையில் எத்தனை கட்டில் என்று பாருங்கள். அமெரிக்காவில் வாடகை பெரும்பாலும் அறைக்குத்தான், தலைக்கு அல்ல. ‘இரண்டு குயின்’ என்ற அறையில் நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். ‘ஒரு கிங்’ எடுத்துவிட்டு எக்ஸ்ட்ரா பெட் கேட்கும் நம்மூர் வழக்கம் அங்கே எடுபடாது. பல கட்டடங்களில் போடுவதற்குக் கட்டிலே இருக்காது.

செக்-இன் மாலை மூன்று அல்லது நான்கு மணிக்கு. விமானம் காலையில் இறங்கினால் முந்தைய நாளே மின்னஞ்சல் அனுப்புங்கள். அறை காலியாக இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டாலும் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். முதியவர்களோடு போகிறவர்கள் முந்தைய இரவையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. அப்படி எடுத்தால், மறுநாள் காலைதான் வருவோம் என்று தெரியப்படுத்துங்கள். சொல்லாவிட்டால் வராதவர் என்று கருதிப் பதிவை ரத்து செய்துவிடக்கூடும்.

ரிசப்ஷனில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். வாடகையோடு ஒரு முன்பணத் தொகையையும் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கிலுள்ள பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் திரும்பிவரச் சில நாள் ஆகும்.

கடைசியாக, பிள்ளைகள் பெற்றோருக்காகப் பதிவு செய்யும்போது நடக்கும் சிக்கல். மகன் சியாட்டிலில் இருந்துகொண்டு தன் பெயரில், தன் கார்டில் சிகாகோவில் அறை போட்டுவிடுவான். அப்பாவும் அம்மாவும் போய் நின்றால், பதிவிலுள்ள பெயர் வேறு, கார்டும் கையில் இல்லை. ரிசப்ஷனில் இருப்பவர் சாவி கொடுக்கமாட்டார், அவருக்கு அதற்கு அதிகாரமும் கிடையாது. பதிவில் அப்பாவின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சேர்க்கவேண்டும். வேறொருவர் கார்டில் பணம் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் படிவம் ஒன்றை ஹோட்டலிடம் கேட்டு வாங்கி நிரப்பி அனுப்பி, கிடைத்ததா என்று ஃபோன் செய்து உறுதி செய்யவேண்டும். படிக்கப்போகும் பிள்ளை தனியாகத் தங்குவதாக இருந்தால் வயதையும் கேளுங்கள். சில ஹோட்டல்களில் 18 போதும், சிலவற்றில் 21 ஆகியிருக்க வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு ஹோட்டல்களில்கூட இது வேறுபடும். ஆகையால் நிறுவனத்தின் பொது எண்ணைக் கூப்பிடாமல், தங்கப்போகும் ஹோட்டலின் எண்ணையே கூப்பிட்டுக் கேளுங்கள்.